பெரியவர்களுக்கு ஆங்கிலம்: எதை வைத்து நடத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் வேலை முடிந்து வருபவர்களுக்காக நடக்கும் மாலை ஆங்கில வகுப்புகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். முதல் வாரத்திலேயே போன் செய்து ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்பார்கள். அவற்றைத் தொகுத்து எழுதி வைத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

1. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல. கூகுள்ல தேடினா ஆயிரக்கணக்குல வருது.

முதலில் கூகுளை மூடுங்கள். வகுப்புக்கு வருபவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வாரம் எந்த இடத்தில் இங்கிலீஷ் தெரியாமல் முழித்தீர்கள்?" பதில்கள் துல்லியமாக வரும். செக்கிங்கில் இருக்கும் அக்கா, மெஷர்மென்ட் சார்ட்டில் மேலே எழுதியிருக்கும் குறிப்பு புரியவில்லை என்பார். ஒரு அம்மா, பள்ளியிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் சுற்றறிக்கையை மகனே படித்துச் சொல்கிறான், பாதியை மறைக்கிறான் என்பார். டெலிவரி வேலை பார்க்கும் தம்பி, கஸ்டமர் ஆங்கிலத்தில் வழி சொன்னால் போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன் என்பார். இந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம். இது கையில் இல்லாமல் தேடினால் கிடைப்பதெல்லாம் நல்லதாகவே தெரியும்.

அப்புறம் தேடுங்கள். "ஸ்போக்கன் இங்கிலீஷ்" என்று போட்டால் விளம்பரங்கள்தான் மேலே வரும். இந்தத் துறைக்கு பிரிட்டனில் "ஈசால்" (இ, எஸ், ஓ, எல்) என்று பெயர், அமெரிக்காவில் "அடல்ட் இஎஸ்எல்". அந்தச் சொல்லோடு தலைப்பையும் நிலையையும் சேருங்கள்: "அடல்ட் இஎஸ்எல், டாக்டர் அப்பாயின்ட்மென்ட், பிகினர்" என்பதுபோல. ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்காகச் செய்த தாள்கள் கிடைக்கும். "அடல்ட்" என்பதை விட்டுவிட்டால் எல்லாமே கரடி பொம்மைப் படத்தோடு வரும்.

2. ஒண்ணாம் கிளாஸ் இங்கிலீஷ் புக்கையே வச்சு நடத்தலாமே? அரசு வெப்சைட்ல சும்மாவே கிடைக்குது.

வேண்டாம். நாற்பது வயதில் துணிந்து வகுப்புக்கு வந்தவரிடம் பட்டாம்பூச்சிப் பாட்டைக் கொடுத்தால் அடுத்த வாரம் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். பெரியவருக்கு ஆங்கிலம்தான் புதிது. வாடகை, வட்டி, சம்பளப் பிடித்தம் எல்லாம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பாடம் அந்த அறிவுக்கு மரியாதை தர வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்கு உதவத்தான் ஆங்கிலம் படிக்கிறேன் என்று வரும் அம்மாக்களுக்கு அந்தப் பாடப்புத்தகமே சரியான பாடம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறிகள் இருக்கின்றன. போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான காணொலி வரும். அதை எப்படித் திறப்பது என்று காட்டுவதே முதல் வகுப்பாக இருக்கலாம்.

3. ஏ1, பி2ன்னு போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு படிகள். ஏ1ல் இருப்பவர் தன் பெயர், வேலை, வீடு பற்றி மெதுவாகப் பேசுவார். பி1ல் இருப்பவர் பழக்கமான விஷயங்களில் ஓரளவு தானாகச் சமாளிப்பார். நம் வகுப்புகளுக்கு வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏ1க்கும் ஏ2க்கும் நடுவில்தான் இருப்பார்கள். அமெரிக்கத் தளங்களில் "பிகினிங்", "இன்டர்மீடியட்" என்று இருக்கும். கனடாவில் 12 படிகள் கொண்ட தனி அளவுகோல்.

நிலை கண்டுபிடிக்கத் தேர்வு வைக்காதீர்கள். தேர்வு என்றாலே பலருக்குப் பழைய பள்ளிக்கூட பயம் திரும்பிவிடும். டீ குடித்துக்கொண்டே ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுங்கள், ஒரு சின்ன நோட்டீஸைப் படிக்கச் சொல்லுங்கள். பேச்சும் வாசிப்பும் ஒரே படியில் இருக்காது. டிகிரி முடித்தவர் நாளிதழை நன்றாக வாசிப்பார், ஆனால் இரண்டு வாக்கியம் சேர்த்துப் பேச மாட்டார். இரண்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. காசு கட்டாம, நம்பி எடுக்கிற மாதிரி எது எது இருக்கு?

பிரிட்டிஷ் கவுன்சிலின் "லேர்ன் இங்கிலிஷ்" தளம் முதல் தேர்வு. கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் எல்லாம் 3ஆம் கேள்வியில் சொன்ன அளவுகோல்படி பிரித்து, பயிற்சித் தாள்களோடு கிடைக்கும். குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் அவர்களே தனித் தளங்கள் வைத்திருக்கிறார்கள். தவறி அங்கே போய்விடாதீர்கள். ஆசிரியர்களுக்கென "டீச்சிங் இங்கிலிஷ்" என்று இன்னொன்று உண்டு. அதில் முழுப் பாடத் திட்டங்களே நேரக் கணக்கோடு இருக்கும்.

பிபிசி லேர்னிங் இங்கிலிஷ் பிரபலம். அதில் எல்லாரும் பகிரும் "சிக்ஸ் மினிட் இங்கிலிஷ்" நிகழ்ச்சியை ஏ1 வகுப்பில் போடாதீர்கள். அது பி1க்கு மேலே இருப்பவர்களுக்கானது. சும்மா ஆறு நிமிடம் ஓடும், வகுப்பு அமைதியாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959ல் தொடங்கிய மெதுவான ஆங்கில ஒலிபரப்பு, சுமார் 1,500 சொற்களுக்குள் செய்தி சொல்லும் முறையில் வளர்ந்தது. அவர்களுடைய "லெட்ஸ் லேர்ன் இங்கிலிஷ்" முதல் நிலைத் தொடரில் 52 பாடங்கள் காணொலியோடு உண்டு. அவர்களே தயாரித்தவற்றுக்குக் காப்புரிமைத் தொல்லையும் இல்லை. ஆனால் 2025 மார்ச்சில் அமெரிக்க அரசு அந்த நிறுவனத்தின் பணிகளை முடக்கியது. பிடித்த பாடங்களை இறக்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். சாக்ரமென்டோ மாவட்டக் கல்வி அலுவலகம் நடத்தும் "யூஎஸ்ஏ லேர்ன்ஸ்" பெரியவர்களுக்காகவே செய்தது. அதில் வரும் கதைகள் அமெரிக்காவில் குடியேறியவர்களின் வாழ்க்கை. காட்சியை வைத்துக்கொண்டு ஊரையும் பெயரையும் நீங்கள் மாற்ற வேண்டியிருக்கும்.

5. அவங்க பேசுற வேகமும் ஸ்டைலும் எங்க ஆளுங்களுக்குப் புரியவே மாட்டேங்குது.

பெரும்பாலான தளங்களில் ஒலியோடு எழுத்து வடிவமும் இருக்கும். முதலில் எழுத்தைக் கொடுத்துப் படிக்கவிட்டு, பிறகு ஒலியைப் போடுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் குரல் இழுபட்டு இன்னும் புரியாமல் போகும்.

ஆனால் முதல் மாதத்துக்கு வெளிநாட்டுக் குரலே தேவையில்லை என்பது என் கருத்து. நம்மவர்கள் யாரோடு ஆங்கிலத்தில் பேசப்போகிறார்கள்? பெங்களூர் பையரின் ஆபீஸோடு, டெல்லி கஸ்டமர் கேரோடு. இந்தியக் குரல்களே போதும். ரயில் நிலைய அறிவிப்பு அருமையான கேட்டல் பாடம்: தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே செய்தி வரும், வண்டி எண், ஊர், பிளாட்பாரம் என்று வாக்கியம் மாறவே மாறாது. பிளாட்பாரத்தில் நின்று போனில் பதிவு செய்தால் வகுப்புக்குப் பாடம் ரெடி. அது பழகியதும் ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியில் தலைப்புச் செய்திகளை மட்டும் போடுங்கள். அன்றைய செய்தியைத் தமிழில் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள் என்பதால் பாதி புரிந்துவிடும்.

6. தமிழ் நல்லா படிப்பாங்க, ஆனா ஏபிசிடியே தெரியாது. அவங்களுக்கு என்ன கொடுக்கிறது?

நாலு கோடு நோட்டும் கூட்டெழுத்தும் வேண்டவே வேண்டாம். பெரிய எழுத்துகளில் ஆரம்பியுங்கள். கடைப் பலகை, டேக், ஸ்டிக்கர், அட்டைப்பெட்டி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று சைஸ் ஸ்டிக்கர் பார்த்தே நாலு எழுத்து ஏற்கெனவே தெரிந்திருக்கும். அவர்கள் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி தெரியும். அதை எடுத்துக் காட்டுவதே முதல் பாடம். சின்ன எழுத்தைப் பிறகு போன் கீபோர்டு வழியாகக் கொண்டுவரலாம்.

அடுத்த கட்டத்துக்குப் புத்தகமே தேவையில்லை. அவர் தமிழில் தன்னைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லட்டும். இருவரும் சேர்ந்து அதை எளிய ஆங்கிலத்தில் ஆக்குங்கள், நீங்கள் பெரிதாக எழுதுங்கள், அவர் அதையே வாசிக்கட்டும். தான் சொன்னதே எழுத்தில் இருப்பதால் ஊகித்துப் படித்துவிடுவார். உலகம் முழுக்க முதியோர் கல்வியில் பழைய, சோதித்துப் பார்த்த முறை இது.

தமிழே வாசிக்கத் தெரியாதவர் என்றால் கதை வேறு. அவருக்குப் பேச்சு ஆங்கிலம் மட்டும் நடத்துங்கள். கூடவே, 15 வயதுக்கு மேற்பட்டோருக்காக 2022ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்ட மையத்தில் தமிழ் வாசிப்பைக் கற்கச் சொல்லுங்கள். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்துவிட்டால் இரண்டாவது எளிது.

7. வீட்ல பழைய ரென் அண்ட் மார்ட்டின் இருக்கு. அதுலருந்து நடத்தவா?

அந்தப் பழைய இலக்கணப் புத்தகம் உங்கள் சந்தேகத்தைத் தீர்க்க அலமாரியில் இருக்கட்டும். வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். இலக்கணப் பயிற்சி வேண்டுமென்றால் ரேமண்ட் மர்ஃபியின் சிவப்பு அட்டைப் புத்தகம் தொடக்க நிலைக்கு நல்லது. நீல அட்டை அதற்கு மேல்நிலை. கடைக்காரர் பெரும்பாலும் நீலத்தை எடுத்துக் கொடுப்பார், பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் விளக்கம், எதிர்ப்பக்கம் பயிற்சி, கடைசியில் விடை. தனியாக ஆள் இல்லாமல் படிக்கவும் ஆகும்.

8. நிஜமான பொருளைக் கொண்டு போங்கன்னு சொல்றாங்க. எதைன்னு சொல்லுங்க.

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும். வாஷ் கேர் லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் நாள் முழுக்க அதைத் தைப்பவர்கள் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. "டூ நாட் ப்ளீச்", "வாஷ் வித் லைக் கலர்ஸ்", "அயர்ன் ஆன் ரிவர்ஸ்". கட்டளை வாக்கியமும் எதிர்மறையும் முழுப் பாடமாக அந்த ஒரு இஞ்ச் துணியில் இருக்கிறது. பக்கத்தில் படக் குறியீடும் இருப்பதால் அகராதி வேண்டாம்.

பொதுத்துறை வங்கியின் பணம் கட்டும் சீட்டு மூன்று மொழியில் அச்சாகியிருக்கும். ஆங்கிலத்தை மறைத்துவிட்டு ஊகிக்கச் சொல்லலாம், தமிழை மறைத்துவிட்டு நிரப்பச் சொல்லலாம். ரயில் முன்பதிவுப் படிவம் இன்னும் சுவையானது. நீங்கள் டாக்டரா, அவசரத்துக்கு உதவ முடியுமா என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதை வைத்தே அரை மணி நேரம் பேச்சு ஓடும். மாத்திரை அட்டையில் தயாரிப்புத் தேதி, காலாவதித் தேதி, எவ்வளவு வெப்பத்துக்குள் வைக்க வேண்டும் என்பவை எளிது. சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் எச்சரிக்கை வாக்கியம் கடினம், அதை மேல்நிலைக்காரர்களுக்கு விடுங்கள். கரண்ட் பில் எஸ்எம்எஸ், ஓடிபி எஸ்எம்எஸ், சம்பளச் சீட்டு எல்லாமே பாடம். ஓடிபியை யாருக்கும் சொல்லாதே என்ற வாக்கியத்தை எல்லாரும் தாங்களே படிக்க வேண்டியது இந்தக் காலத்தில் கட்டாயம்.

இது ஏதோ நவீன யோசனை இல்லை. ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் ரயில் அட்டவணையும் வரைபடமும் கொடுத்து, எந்த வண்டியைப் பிடிக்கலாம் என்று ஆங்கிலத்தில் யோசிக்க வைத்தார். மொழி கற்பித்தல் பற்றிப் படிப்பவர்கள் உலகெங்கும் அதைப் பற்றிப் படிக்கிறார்கள், நமக்குத்தான் மறந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: வெற்றுப் படிவங்களை மட்டும் பயன்படுத்துங்கள். யாருடைய கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் வகுப்பில் சுற்றக் கூடாது.

9. ஒரே கிளாஸ்ல பி.காம் ஒருத்தர், எட்டாவது ஒருத்தர். ஒரே பாடம் எப்படிப் பொருந்தும்?

பாடப்பொருள் ஒன்றாக இருக்கட்டும், வேலையை மாற்றுங்கள். மேலே சொன்ன வங்கிச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டாவது படித்தவர் பெயரும் தொகையும் எழுத்தில் நிரப்புவார். நடுநிலையில் இருப்பவர்கள் இருவர் இருவராக, ஒருவர் காசாளராக, ஒருவர் வாடிக்கையாளராகப் பேசுவார்கள். பி.காம்காரர், கணக்கில் தவறாகப் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டு மேலாளருக்கு நாலு வரி எழுதுவார். ஒரே ஜெராக்ஸ், மூன்று பாடம். பி.காம்காரரை உதவி ஆசிரியராக்கி உட்கார வைத்துவிடாதீர்கள். அவரும் கற்கத்தான் வந்திருக்கிறார்.

10. உச்சரிப்புப் பயிற்சி நிறைய கிடைக்குது. அதையெல்லாம் வரிசையா செஞ்சா போதுமா?

வரிசையாகச் செய்யாதீர்கள். அந்தப் பயிற்சிகள் பல ஸ்பானிஷ், சீனம் பேசுபவர்களை மனதில் வைத்துச் செய்தவை. கப்பலுக்கும் செம்மறி ஆட்டுக்கும் ஆங்கிலத்தில் உள்ள "ஷிப்", "ஷீப்" வித்தியாசத்துக்குப் பக்கம் பக்கமாகப் பயிற்சி இருக்கும். குறில் நெடில் பழகிய தமிழ் நாக்குக்கு அது பெரிய விஷயமே இல்லை.

நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். "ஃபேன்" பேனாகும், "ஜூ" சூவாகும், "பஸ்" பஸ்ஸு ஆகும். பையைக் குறிக்கும் "பேக்", முதுகைக் குறிக்கும் "பேக்", மூட்டை கட்டும் "பேக்" மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கும். இவற்றுக்கான பயிற்சிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள். மற்றபடி எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதுதான் அளவு. லண்டன்காரர் போலப் பேச வைப்பது நம் வேலை இல்லை.

11. வாசிக்க ஏதாவது கதை வேணும். ஆனா குழந்தைக் கதையா இருக்கக் கூடாது.

இதுதான் உண்மையில் பஞ்சம். எளிய ஆங்கிலத்தில் பெரியவர்களுக்கான சிறு புத்தகங்களை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பதிப்பகங்கள் படிநிலைப்படி வெளியிடுகின்றன. புதிதாக வாங்கினால் விலை கடிக்கும். பழைய புத்தகக் கடையிலும் மாவட்ட மைய நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். பிரதம் புக்ஸ் 2015ல் தொடங்கிய "ஸ்டோரிவீவர்" தளம் குழந்தைகளுக்கானதுதான், ஆனால் அதில் அறிவியல், தொழில், நிஜ மனிதர்கள் பற்றிய நூல்களை வடிகட்டி எடுக்கலாம். ஒரே நூல் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பது பெரிய வசதி. பிள்ளைக்கு வாசித்துக் காட்ட என்று சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் கூச்சம் வராது.

6ஆம் கேள்வியில் சொன்னபடி எழுதிய தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். பெயரை மாற்றி, சம்மதம் கேட்டு, அடுத்த குழுவுக்கு வாசிக்கக் கொடுங்கள். முதல் ஷிப்டு பஸ்ஸைத் தவறவிட்ட கதையை எந்தப் பதிப்பகமும் இவ்வளவு சரியாக எழுதித் தராது.

12. சாட்ஜிபிடி கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல பாடம் தருதே, இவ்வளவு தேடணுமா?

இருக்கிற பத்தியைச் சுருக்கவும், எளிமையாக்கவும், அதிலிருந்து கேள்வி தயாரிக்கவும் நன்றாக உதவும். பள்ளிச் சுற்றறிக்கையை ஒட்டி, "இதை ஏ2 நிலைக்கு மாற்று, வாக்கியம் பத்துச் சொல்லுக்குள் இருக்கட்டும்" என்று கேளுங்கள். சும்மா "ஒரு பாடம் கொடு" என்றால் ஜானும் மேரியும் காபி ஷாப்பில் சந்திப்பார்கள். ஏ1 என்று கேட்டாலும் நடுவே கடினச் சொல் நுழையும், தமிழ் விளக்கம் சில சமயம் தடுமாறும். அச்சடிக்கும் முன் நீங்கள் ஒருமுறை முழுக்க வாசியுங்கள். கற்பவர்களின் பெயர், போன் எண் எதையும் அதில் போடாதீர்கள்.

13. புத்தகத்துல இருந்து ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தா கேஸ் ஆகுமா?

1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை அனுமதிக்கிறது. டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை மீது பெரிய பதிப்பகங்கள் போட்ட வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2016ல் இந்தப் பிரிவை மாணவர்களுக்குச் சாதகமாகவே விளக்கியது. அதற்காக முழுப் புத்தகத்தையும் படியெடுத்து விற்கலாம் என்று அர்த்தமில்லை. அன்றைய பாடத்துக்குத் தேவையான பக்கங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"கிரியேட்டிவ் காமன்ஸ்" உரிமத்தில் வரும் பாடங்களில் இந்தக் கவலை குறைவு. ஸ்டோரிவீவர் நூல்கள் அப்படிப்பட்டவை. யார் எழுதியது என்ற குறிப்பை மட்டும் வெட்டாமல் விடுங்கள். வாட்ஸ்அப்பில் முழுப் புத்தக பிடிஎஃப் சுற்றிவந்தால் அதை வகுப்புக் குழுவில் போடாதீர்கள், அது வேறு விஷயம்.

14. எங்க அத்தை கனடாவுல இருக்காங்க. அவங்களுக்கும் இதையே அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அங்கேயே நல்ல வகுப்பு இலவசமாக இருக்கிறது. 1992 முதல் மத்திய அரசு நடத்தும் "லிங்க்" திட்டத்தில் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதியாக ஏற்கப்பட்டவர்களும் சேரலாம். டொரண்டோவில் தமிழர்கள் நிறையப் பேர் அதில் படித்தவர்கள்தான். குடியுரிமை வாங்கிவிட்டால் லிங்க்கில் இடமில்லை. அப்போது ஒன்டாரியோ மாகாண நிதியில் நடக்கும் பெரியவர் வகுப்புகளை விசாரிக்கச் சொல்லுங்கள். குடியுரிமைக்கு முன்பே சேர்வது நல்லது என்பதை அத்தையிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.

15. எனக்கே இங்கிலீஷ் சரளமா வராது. நான் நடத்துறது சரியா?

ஏ1 வகுப்புக்கு நீங்கள் தாராளமாகப் போதும். விடைத்தாள் உள்ள பாடமாகத் தேர்ந்தெடுங்கள், முந்தைய நாள் ஒலியை நீங்கள் கேட்டுவிடுங்கள். சந்தேகம் வந்தால் "அடுத்த வகுப்பில் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். விளக்கத்தைத் தமிழில் சொல்வதில் தவறே இல்லை. ஐந்து நிமிடத்தில் தமிழில் புரிய வைத்துவிட்டு, மிச்ச நேரத்தை அவர்கள் ஆங்கிலத்தில் பேச விடுங்கள்.

16. ஷிப்மென்ட் வந்துட்டா பாதிப் பேர் வர்றதில்லை. பாடம் தொடர்ச்சியாவே போக மாட்டேங்குது.

தொடர்ச்சி தேவைப்படும் பாடத்தை எடுக்காதீர்கள். 52 பாடத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை முடிக்கும் குழு அபூர்வம். ஒவ்வொரு மாலையும் தனியாக முடியும்படி அமையுங்கள்: ஒரு லேபிள், ஒரு படிவம், ஒரு அறிவிப்பு, அதைச் சுற்றி நாலைந்து வாக்கியம். அந்தத் தாளை உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். ஓவர்டைம் முடிந்து இரண்டு வாரம் கழித்து வருபவர் உறையை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள்வார். ஒலிப்பதிவை வகுப்புக் குழுவில் சிறிய கோப்பாகப் போடுங்கள், காணொலி வேண்டாம். மாதக் கடைசியில் பலருக்கு டேட்டா இருக்காது.